தேய்ந்த டீசல் என்ஜின்: எங்கே செலவிடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது?

நம் வணிகர்களில் பலரிடம் இன்றும் ஒரு பழைய டீசல் கார் இருக்கிறது. விடியற்காலையில் மண்டிக்குப் போய்ச் சரக்கு எடுக்கவும், மாலையில் பாக்கி வசூலுக்குச் சுற்றவும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போகவும் அதே வண்டிதான். அதிலும் அம்பாசிடர் டீசல் மீது நம்மவர்களுக்கு உள்ள பற்று தனி. பின்சீட்டைக் கழற்றினால் எத்தனை மூட்டை ஏறும் என்று விரல்விட்டுச் சொல்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அந்தக் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதம் நின்றுவிட்டது. ஆனால் ஓடுகிற வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அப்படிப்பட்ட வண்டி ஒரு நாள் காலையில் கிளம்ப மறுக்கும். தள்ளிவிட ஆள் தேட வேண்டியிருக்கும். கிளம்பினாலும் தெருவே புகையாகும். பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, என்ஜின் போயிருச்சு, எறக்கிற வேண்டியதுதான்" என்பார். அந்த ஒரு பேச்சுக்குப் பின்னால் ஐந்து இலக்கச் செலவு நிற்கிறது. பண்டிகைச் சரக்குக்கு என்று ஒதுக்கி வைத்த பணத்தில் அது கை வைக்கும். அப்போது நம்மில் சிலர் வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடுகிறோம். சிலர் "எது குறைவோ அதைச் செய்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பிவிடுகிறோம். இரண்டுமே நஷ்டக் கணக்கு. இருப்பு எடுக்காமல் கொள்முதல் செய்யக் கூடாது என்பது நமக்குத் தெரிந்த பாடம். என்ஜின் வேலையிலும் அதேதான். முதலில் அளவு, பிறகு செலவு.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது அம்பாசிடரின் 1489 சிசி டீசல் என்ஜின். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்தது. 37 குதிரைத்திறன்தான், ஆனால் வார்ப்பிரும்பு பிளாக், எளிமையான அமைப்பு, திரும்பத் திரும்பச் செப்பனிட இடம் கொடுக்கும் என்ஜின். 1998-இல் வந்த இண்டிகாவின் 1405 சிசி டீசலுக்கும், 2005-இல் வந்த டாடா ஏஸ் வண்டியின் 702 சிசி என்ஜினுக்கும் நாம் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். ஏஸ் என்ஜின் இண்டிகா என்ஜினில் சரிபாதி. நான்கு சிலிண்டருக்குப் பதில் இரண்டு. காமன் ரெயில் என்னும் புதுவகை டீசல்கள் வேறு சாதி. அவற்றை இந்தப் பாடத்தில் சேர்க்கவில்லை.

முதலில் பேரேட்டைத் திறப்போம்

வண்டி மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல நிலையில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது 11 கொடுக்கிறது. முன்பு 107 லிட்டர் போதும், இப்போது 136 லிட்டர் வேண்டும். லிட்டர் 92 ரூபாய் என்றால், கூடுதல் 29 லிட்டருக்கு 2,668 ரூபாய். இதோடு 500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்ஜின் ஆயில் ஊற்ற வேண்டியிருந்தால் மாதம் மூன்று லிட்டர். லிட்டர் 400 ரூபாய் என்றாலும் 1,200 ரூபாய். ஆக மாதம் ஏறத்தாழ 3,900 ரூபாய் புகையாகப் போகிறது. பட்டறையில் 60,000 ரூபாய் மதிப்பீடு கொடுத்தார்கள் என்றால் பதினைந்து, பதினாறு மாதத்தில் அது திரும்பி வரும். உங்கள் வண்டியின் கிலோமீட்டரையும் உங்கள் ஊர் விலையையும் போட்டு இதே கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பாருங்கள். மாதம் 300 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்குக் கணக்கு வேறு மாதிரி வரும். அதற்கு முழு என்ஜின் வேலை கட்டுப்படியாகாது.

இன்னொரு செலவையும் இதில் சேர்க்க வேண்டும். சொந்தக் கார் 15 ஆண்டு தாண்டினால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. மிகப் பழைய வண்டிகளுக்கு அதற்குப் பிறகும் கூட்டியிருக்கிறார்கள். ஆகவே என்ஜினை இறக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. அடித்தளத் தகடும் சேசிஸ் ஓரங்களும் துருவேறி, எஃப்.சி.யில் நிற்காது என்று தெரிந்தால், என்ஜினுக்குப் போடும் பணம் ஓட்டைக் கோணியில் அளந்து போட்ட அரிசிதான்.

என்ஜின் உண்மையிலேயே தேய்ந்ததா?

பெட்ரோல் என்ஜினுக்குப் பிளக்கின் தீப்பொறி உண்டு. டீசலுக்கு அது கிடையாது. உறிஞ்சிய காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்கி, அந்த நெருக்கத்தில் பிறக்கும் சூட்டிலேயே எண்ணெய் தீப்பிடிக்க வேண்டும். சுவரும் ரிங்கும் தேய்ந்தால் காற்று கீழே நழுவும், சூடு பிறக்காது, வண்டி கிளம்பாது. இது ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

புகையின் நிறம் நமக்குப் பலதும் சொல்லும். காலையில் கிளப்பும்போது வெள்ளைப் புகை என்றால் எண்ணெய் எரியாமலே வெளியே வருகிறது. அதற்குக் காரணம் காற்றழுத்தக் குறைவாக இருக்கலாம். வெறும் ஹீட்டர் பிளக் கெட்டதாகவும் இருக்கலாம். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் எண்ணெய் அதிகம் அல்லது காற்றுக் குறைவு. கரும்புகையைக் காட்டி என்ஜினை இறக்கச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். அடைபட்ட ஏர் ஃபில்டரும், ஒழுகும் நாசிலும் அதே புகையைத்தான் தரும்.

ஆகவே சில்லறைச் செலவை முதலில் முடிக்க வேண்டும். ஏர் ஃபில்டர், ஹீட்டர் பிளக்குகள், பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், டீசல் குழாயில் காற்று புகும் இடம், நான்கு நாசில் ஆகியவற்றைப் பார்த்த பிறகும் குறை தீரவில்லை என்றால்தான் அடுத்த படி. மெதுவாகச் சுற்றும் ஸ்டார்ட்டரால் கிளம்பாத வண்டிக்கு என்ஜின் வேலை செய்த கதையை நாம் ஒன்றுக்கு மேல் கேட்டிருக்கிறோம்.

அடுத்த படி கம்ப்ரஷன் பரிசோதனை. இதற்கு டீசல் கேஜ் வேண்டும். பெட்ரோல் கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. இந்த வகை என்ஜினில் நல்ல சிலிண்டர் சுமார் 400 பவுண்டு காட்டும். 300-க்குக் கீழே இறங்கிவிட்டால் மார்கழிக் காலையில் தகராறுதான். ஆனால் எண்ணைவிட முக்கியம், நான்கு சிலிண்டருக்குள் உள்ள வித்தியாசம். மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் விழுந்திருந்தால், குறை அந்த ஒரு சிலிண்டரின் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ இருக்கலாம். நான்கும் ஒரே சீராக விழுந்திருந்தால் அது தேய்மானம். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் சோதிப்பார்கள். அழுத்தம் ஏறினால் ரிங் பக்கம் கசிவு; ஏறாவிட்டால் வால்வு பக்கம். ஒரு தேக்கரண்டிக்கு மேல் கூடாது. டீசலில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இடம் மிகக் குறைவு. ஆயில் நெருங்காது, ராடு வளைந்துவிடும்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்குப் என்று புகை தள்ளுவதைப் பட்டறையில் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். இதுவும் ரிங் தேய்மானத்தின் அடையாளம். ஆயில் அழுத்தத்தைக் காரின் முள்ளை நம்பாமல் தனி கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் நன்றாகச் சூடான பின், 1,000 சுற்றுக்கு 10 பவுண்டு என்பது பட்டறைகளில் பழகிய தோராய அளவு. அதற்கும் கீழே போனால் பேரிங்குகளைச் சந்தேகிக்க வேண்டும்.

இத்தனையும் என்ஜினை இறக்காமலே தெரிந்துகொள்ளக் கூடியவை. கூலியும் பெரிதாக ஆகாது. இதைச் செய்ய மனமில்லாத பட்டறையில் பெரிய வேலையை ஒப்படைக்க வேண்டாம் என்பது நம் கருத்து.

இறக்கிய பிறகு அளவு

என்ஜினைப் பிரிக்கும்போதே ஒவ்வொரு பிஸ்டனுக்கும், கனெக்டிங் ராடுக்கும், பேரிங் மூடிக்கும் எண் குத்தி வைக்க வேண்டும். ஒரு ராடின் மூடி இன்னொரு ராடுக்குச் சேராது, சோடியாகவே கடையப்பட்டவை. கொத்தாக ஒரு சட்டியில் போட்டுவிட்டால் பிறகு எந்த மைக்ரோமீட்டராலும் அதைச் சரிசெய்ய முடியாது. போல்ட்டுகளுக்கு அச்சு வெல்லம் வந்த அட்டைப்பெட்டி போதும். பெட்டியின் மேல் எழுதி வைப்பதுதான் முக்கியம்.

இப்போது சிலிண்டரைப் பார்ப்போம். தேய்மானம் மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக இருக்காது. மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் மிக அதிகம். அடியில் மிகக் குறைவு. ரிங் தொடாத உச்சியில் தேய்மானமே இருக்காது, அங்கே ஒரு விளிம்பு நிற்கும். விரல் நகம் வைத்தால் தட்டும். போர் கேஜை மேல், நடு, அடி என்று மூன்று உயரத்திலும், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்து, ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு எடுக்க வேண்டும். நான்கு சிலிண்டருக்கு இருபத்து நான்கு எண். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தராசைப் பார்க்காமல் "சுமார் அம்பது கிலோ இருக்கும்" என்று சொல்கிறவரிடம் நாம் பருப்பு வாங்குவோமா?

இந்த என்ஜினின் சிலிண்டர் விட்டம் புதிதில் சுமார் 73 மில்லிமீட்டர். தேய்மானம் 0.10 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்குக்குள் இருந்தால், சுவரை ஹோனிங் செய்து புது ரிங் போட்டு ஓட்டலாம். 0.20 மில்லிமீட்டரை எட்டிவிட்டால் ரீபோர் தவிர வேறு வழியில்லை. இரண்டுக்கும் இடைப்பட்டதில் வண்டியின் உபயோகத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மாதம் 2,000 கிலோமீட்டர் லோடோடு ஓடும் வண்டி என்றால் நாம் ரீபோர் பக்கமே நிற்போம்.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ரிங் செட் மலிவு, கூலியும் குறைவு, இரண்டு நாளில் வண்டி கைக்கு வந்துவிடும். தேய்ந்து நீள்வட்டமாகிப் போன சிலிண்டரில் வட்டமான புது ரிங் எப்படி உட்காரும்? இரண்டு பக்கம் தொடும், இரண்டு பக்கம் விலகி நிற்கும். அதோடு, உச்சியில் நிற்கும் விளிம்பை எடுக்காமல் விட்டால் புது ரிங்கின் கூரான ஓரம் அதில் மோதி ரிங்கே உடையும். நமக்குத் தெரிந்த ஒரு மளிகை வணிகர் இரண்டு ஆண்டில் மூன்று முறை ரிங் மாற்றினார். மூன்றாவது முறை உடைந்த ரிங் துண்டு சிலிண்டரைக் கீறிவிட்டது. மூன்று ரிங் செட், மூன்று கேஸ்கட் செட், மூன்று கூலி, மூன்று முறை வாடகை வண்டி. முதலிலேயே ரீபோர் செய்திருந்தால் அதைவிடக் குறைவாக முடிந்திருக்கும்.

ரீபோர் என்று முடிவானால் எந்த சைஸ் என்ற கேள்வி வரும். 10, 20, 30, 40 என்று அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் ஓவர்சைஸ் பிஸ்டன்கள் உண்டு. மிக மோசமான சிலிண்டர் எந்தச் சிறிய சைஸில் சுத்தமாகுமோ அதே சைஸுக்கு நான்கையும் கொண்டுவர வேண்டும். 20-இல் முடிகிற வேலையை, கடையில் 40 பிஸ்டன்தான் இருக்கிறது என்பதற்காக 40-க்குக் கடைந்தால், அடுத்த முறைக்கு இருந்த இரண்டு வாய்ப்பை இன்றே செலவழித்துவிட்டோம். பிளாக் என்பது முதல். அதைக் கரைத்து வட்டி கட்டக் கூடாது. ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் ஆழமாகக் கீறியிருந்தால் அதற்கு மட்டும் ஸ்லீவ் போட்டு மற்ற மூன்றின் அளவுக்குக் கொண்டுவரலாம். இதைச் சொல்லாத பட்டறைகளும் உண்டு. கேட்டால் செய்வார்கள்.

இன்னொன்று. பிஸ்டனை முதலில் வாங்கி, அதை லேத்காரர் கையில் கொடுத்த பிறகுதான் போர் செய்ய வேண்டும். பெட்டியில் 20 என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் பிஸ்டனை அளந்து, அதற்கு ஏற்ற இடைவெளி விட்டுக் கடைவதுதான் முறை. போர் செய்து வைத்துவிட்டுப் பிஸ்டன் தேடி அலைவது, சட்டையைத் தைத்துவிட்டு ஆளைத் தேடுவது போல. ரிங்கைத் தனியாகச் சிலிண்டரில் நுழைத்து அதன் வாய் இடைவெளியையும் பார்க்க வேண்டும். விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஆயிரத்தில் மூன்று முதல் நான்கு பங்கு என்பது கணக்கு. இந்த என்ஜினுக்கு அது சுமார் 0.22 முதல் 0.29 மில்லிமீட்டர் வரும்.

கிராங்க் ஷாஃப்டுக்கும் இதே நியாயம்தான். அளந்து, வட்டம் கெடாமல் இருந்தால் பாலிஷ் போட்டு அதே சைஸ் புது பேரிங் போடலாம். கெட்டிருந்தால் 10 சைஸுக்குக் கிரைண்டிங். கிரைண்டிங் செய்யும்போது ஜர்னலின் ஓரத்தில் உள்ள வளைவு அப்படியே இருக்க வேண்டும். அதைக் கூர்மூலையாகச் செதுக்கிவிட்டால் பிறகு கிராங்க் முறிவது அந்த மூலையில்தான். பேரிங் இடைவெளிக்கு ஜர்னல் விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பொது அளவு. இரண்டு அங்குல ஜர்னல் என்றால் 0.05 மில்லிமீட்டர். கிராங்கின் உள்ளே ஓடும் ஆயில் துளைகளின் அடைப்பானைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பழைய கசடு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஹெட்டை மட்டும் பிரித்து வால்வு உரசி, கேஸ்கட் மாற்றி மூடிவிடுவோம் என்பது மலிவான யோசனை. அடிப்பாகம் நன்றாக இருந்தால் அது சரியான யோசனையும்கூட. ஆனால் அடிப்பாகமும் தேய்ந்திருக்கும்போது மேலே மட்டும் புதுப்பித்தால், மேலே கூடிய அழுத்தம் பழைய ரிங்கையும் பேரிங்கையும் தாக்கும். மூன்று மாதத்தில் ராடு பேரிங் தட்டத் தொடங்கும். ஹெட்டில் பார்க்க வேண்டியவை: இரண்டு வால்வுகளுக்கு நடுவே விரிசல், முகம் வளைந்திருக்கிறதா, கைடு ஆட்டம். முகத்தைக் கடையும்போது தேவைக்கு மேல் ஒரு இழைகூட எடுக்கக் கூடாது. சீட்டைத் திரும்பத் திரும்பக் கட்டிங் செய்து வால்வு பள்ளத்தில் இறங்கிவிட்டாலும் கம்ப்ரஷன் குறையும். அப்படிப்பட்ட சீட்டுக்குப் புது வளையம் போடுவதுதான் வழி.

எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது

யோசிக்காமல் புதிதாக வாங்க வேண்டியவை: ரிங், ராடு மற்றும் மெயின் பேரிங், முழு கேஸ்கட் செட், ஆயில் சீல்கள், ஃபில்டர்கள், நாசிலுக்கு அடியில் போடும் செம்பு வாஷர். இண்டிகா என்றால் டைமிங் பெல்ட்டும் அதன் டென்ஷனரும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடித்து, செய்த வேலை அத்தனையும் ஒரு நொடியில் போய்விடும்.

அளவில் தேறினால் பழையதையே வைத்துக்கொள்ளக் கூடியவை: கனெக்டிங் ராடு, கேம் ஷாஃப்ட், டேப்பட், ராக்கர், ஆயில் பம்பு, வால்வுகளில் பெரும்பாலானவை. எக்ஸாஸ்ட் வால்வுகள் சூட்டில் அடிபட்டிருக்கும். அவற்றை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலை அடிக்கடி வரும். ரீபோர் இல்லை என்றால் பிஸ்டனையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மேல் ரிங் உட்காரும் பள்ளத்தில் புது ரிங்கை வைத்துப் பக்கவாட்டு ஆட்டம் பார்க்க வேண்டும். ஃபீலர் கேஜின் 0.15 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தால் அந்தப் பிஸ்டனின் காலம் முடிந்தது.

பெயிண்ட் அடித்துப் பளபளவென்று கொடுப்பதற்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம். அந்தப் பணத்தை ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுங்கள். தெர்மோஸ்டாட் வால்வை, "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்குங்க அது" என்று கழற்றி எறியும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. குளிர்ந்தே ஓடும் என்ஜினில் சிலிண்டர் சுவர் சீக்கிரம் தேயும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். சில நூறு ரூபாய்ச் சாமான் அது. கட்டாயம் போடச் சொல்லுங்கள்.

சாமான் வாங்குவதை நாமே நேரில் செய்வது நல்லது. இதில் மெக்கானிக்கை விட நமக்குத் தேர்ச்சி அதிகம். போலிச் சரக்கின் அச்சு மங்கலையும், அட்டையின் தரத்தையும், எழுத்துப் பிழையையும் தினமும் பார்க்கிற கண் நம்முடையது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு புதுச் சாமானுக்கும், புதுப்பேட்டை பழைய சாமானுக்கும் பெயர் பெற்றவை. பிஸ்டன், ரிங், பேரிங் மூன்றையும் பழையதாக எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். பழைய ஹெட், பழைய கிராங்க் வாங்கலாம். ஆனால் விரிசல் பார்த்து, அளந்து, ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் பேச்சோடு வாங்க வேண்டும். 1949-இல் சென்னை செம்பியத்தில் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற பெயர் பெற்ற தயாரிப்பு என்றால், பெட்டியை மட்டும் பார்க்காமல் பொருளின் மேலே உள்ள முத்திரையையும் பாருங்கள். பில் கட்டாயம் வேண்டும்.

பில் என்றதும் ஜி.எஸ்.டி. நினைவுக்கு வரும். ஆள் ஏற்றும் காருக்குச் செய்த பழுதுபார்ப்புச் சேவைக்கு உள்ளீட்டு வரி வரவு பொதுவாகக் கிடையாது. சரக்கு வண்டிக்கு உண்டு. டாடா ஏஸ் வைத்திருக்கிறவர்கள் பட்டறைப் பில்லில் தங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டு வாங்காமல் விட்டால் கையில் வந்த காசை விட்டுவிட்டதாகப் பொருள். இணக்க முறையில் வரி கட்டுகிறவர்களுக்கு இது பொருந்தாது.

"முழு என்ஜினையே பழையதாக வாங்கி மாற்றிவிடலாமே" என்று கேட்கலாம். விலை கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அந்த என்ஜின் எவ்வளவு தேய்ந்தது என்பது யாருக்கும் தெரியாது. அதையும் பிரித்து அளக்க வேண்டும். தவிரவும் என்ஜின் எண் மாறும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதியாமல் ஓட்டினால் எஃப்.சி.யின்போதும் இன்ஷூரன்ஸ் கோரும்போதும் சிக்கல். சொந்த பிளாக்கை ரீபோர் செய்வதில் அந்தத் தொல்லை இல்லை.

காசு இல்லாமல் ஆகும் வேலை

லேத்திலிருந்து வந்த பிளாக்கில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூளும் ஹோனிங் கல்லின் பொடியும் ஒட்டியிருக்கும். அதை மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டுப் பூட்டுவது நம் பட்டறைகளின் வழக்கம். மண்ணெண்ணெய் பொடியைக் கழுவாது. சுவரின் நுண்ணிய கோடுகளுக்குள் இன்னும் நன்றாகத் தள்ளிவிடும். அந்தப் பொடி உரைகல் போலப் புது ரிங்கை அரைக்கும். வெந்நீரும் சலவைத் தூளும் போட்டு, பிரஷ்ஷால் ஒவ்வொரு சிலிண்டரையும் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு வெள்ளை வேட்டித் துணியில் ஆயில் தொட்டுச் சுவரைத் துடைத்துப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறம் ஏறினால் மறுபடி கழுவ வேண்டும். துணி வெள்ளையாகவே வரும் வரை விடக் கூடாது. உலர்ந்ததும் உடனே ஆயில் பூச வேண்டும். ஒரு மணி நேரம் விட்டால்கூடத் துருப் பூக்கும்.

இதற்கு ஆகும் செலவு ஒரு பாக்கெட் சலவைத் தூள். அது நம் கடையிலேயே இருக்கிறது. முழு வேலையின் ஆயுளும் இதில்தான் என்று சொன்னால் மிகையில்லை. அன்று ஒரு மணி நேரம் பட்டறையில் போய் நின்று பாருங்கள். "தம்பி, நான் வந்த பிறகு கழுவுப்பா" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவர்களும் தட்ட மாட்டார்கள்.

பம்பும் நாசிலும்

பிளாக்குக்கு இத்தனை செலவு செய்துவிட்டுப் பழைய நாசிலையே திருப்பிப் போடுவது, புதுக் கல்லாப்பெட்டிக்கு உடைந்த பூட்டுப் போடுவது போல. பனி போலத் தூவ வேண்டிய நாசில் சொட்டுச் சொட்டாக ஒழுகினால், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். சுவரில் உள்ள ஆயில் படலமும் கழுவப்பட்டுவிடும். நான்கையும் டீசல் பம்பு பட்டறையில் சோதித்து, கெட்ட முனைகளை மாற்ற வேண்டும். பம்பை, டெஸ்ட் பெஞ்சில் வைத்து அளவு பார்த்துத் தேவையிருந்தால் மட்டுமே பிரிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. நாசில் நூறு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் பீய்ச்சும். பட்டறைப் பையன்கள் விளையாட்டாகக் கையை நீட்டிப் பார்ப்பார்கள். அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லை என்று விடாமல் அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

பூட்டிய பின்

ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாக, டார்க் ரென்ச்சு வைத்து முறுக்க வேண்டும். கை பழகிவிட்டது என்று சொல்கிற மெக்கானிக்கிடமும் ரென்ச்சை எடுக்கச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். முதல் முறை கிளப்பும் முன், ஆயில் ஃபில்டரை நிரப்பி, டீசலை நிறுத்தும் நாபை இழுத்து வைத்துக்கொண்டு, ஆயில் அழுத்தம் ஏறும் வரை ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்ற வேண்டும். விட்டுவிட்டு, பத்து விநாடிக்கு மேல் போகாமல்.

கிளம்பிய பிறகு, "ரெண்டு மணி நேரம் ஐட்லிங்கில் நிக்கட்டும்" என்பது பழைய பழக்கம். டீசலுக்கு அது நல்லதல்ல. அழுத்தம் இல்லாமல் ரிங் சுவரில் படியாது. சுவர் கண்ணாடி போல வழவழத்துப் போய், என்றைக்கும் ஆயில் குடிக்கும் என்ஜினாகிவிடும். கசிவு பார்த்துச் சூடானதும் சாலையில் எடுத்துவிடுவதே மேல். முதல் 500 கிலோமீட்டருக்கு மூட்டை ஏற்ற வேண்டாம். டாப் கியரில் இழுக்க முடியாமல் திணற விடாமலும், விரட்டாமலும், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். 500-இல் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பழைய மாதிரி கேஸ்கட் போட்ட என்ஜின் என்றால் ஹெட்டை மறுமுறுக்குச் செய்து, டேப்பட் இடைவெளி பார்த்துவிட வேண்டும். அதன் பிறகு பாதி லோடு. 1,500 கடந்ததும் வழக்கமான லோடு.

பண்டிகைக்கு முந்தின வாரம் வண்டியை எடுத்து, அன்றைக்கே முழு லோடு ஏற்ற நேரும்படி வேலையைத் திட்டமிடக் கூடாது. ஆடி மாதம் வியாபாரம் மந்தமாக இருக்கும் கடைக்கு ஆடிதான் சரியான நேரம். டீசல் போட்ட லிட்டரையும், ஊற்றிய ஆயிலையும், ஓடிய கிலோமீட்டரையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஆறு மாதம் எழுதி வாருங்கள். ஏதாவது குறை என்று பட்டறைக்குத் திரும்பப் போகும்போது அந்த இருபத்து நான்கு எண் கொண்ட தாளையும், சாமான் பில்களையும், இந்த நோட்டையும் சேர்த்துக் கையில் எடுத்துப் போக வேண்டும்.